அரியாட்னியின் நெற்றியில் பொட்டு

அன்று வெள்ளிக்கிழமைதானா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. வெள்ளி என்றால் ரவூப் பாயின் படச்சட்டக் கடை தொழுகைக்காக மதியம் மூடியிருக்கும். மூடிய கதவுக்கு வெளியே நான் காத்திருந்த ஞாபகம் இருக்கிறது. காத்திருக்காமல் நேரே உள்ளே போன ஞாபகமும் இருக்கிறது. மழை பெய்ததாக நினைக்கிறேன். கையில் குடை இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

பேசாமல் இருந்தே பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் உண்டு. யாரிடமும் சொல்லிப் பார்க்காத நாள் மனத்துக்குள்ளேயே புரண்டு புரண்டு வேறு உருவம் எடுத்துவிடுகிறது. ஆகவே நான் சொல்வதில் கிழமை தவறலாம், மழை தவறலாம். பொட்டு மட்டும் தவறாது. அதை என் கட்டைவிரலால் தொட்டேன்.

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் பிடோக் வீட்டுக் கூடத்துச் சுவர் தெரிந்திருக்கும். இந்த வாரம்தான் வருகிறீர்கள் என்றால், அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் சுபாங்கி. நூலகத்தில் வேலை. ஐரோப்பாவில் முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்பு செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சிட்ட கிரேக்கக் கதைப் படங்கள்மேல் எனக்குப் பைத்தியம். அருங்காட்சியகங்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கும் பிரதிகளை இறக்கி, பிராஸ் பசா அச்சுக்கடையில் தடித்த பருத்தித் தாளில் அச்சடித்து, மெல்லிய கறுப்புச் சட்டம் போட்டு, ஆறு படங்களை மாட்டியிருந்தேன். மேலே மூன்று, கீழே மூன்று. மாட்டுவதற்கு முன் செய்தித்தாளை அதே அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு வாரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். என் கணவர் கபிலன், “கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கல நீ” என்றார். அப்போது எல்லாரும் சிரித்தோம்.

மேல் வரிசை நடுவில் அரியாட்னி. ஒரு தீவின் கரையில் தூங்குகிறாள். அவளை நம்ப வைத்து அழைத்துவந்த தீசியஸ், எழுப்பாமல் கப்பல் ஏறுகிறான். அவளுக்கு வலப்புறம் பெர்செபொனி. பாதாளத்து அரசன் தேரில் தூக்கிப்போன மகள். தாய் விடாமல் அழுததால், ஆண்டில் பாதி அவளிடம் வந்து இருந்துவிட்டுப் போகிறவள். கீழ்மூலையில் நார்சிஸஸ், குளத்தில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு. மற்ற மூன்றும் இன்றைக்குத் தேவையில்லை.

மாட்டிய முதல் வெள்ளிக்கிழமையே மாமியார் ரத்தினம்மா ஆறு கண்ணாடிகளிலும் சந்தனம் வைத்து, நடுவே குங்குமம் வைத்துவிட்டார்.

“மாமி, அது சாமி இல்ல. கதைப் படம்.”

“பொம்பளதானே? நெத்தி காலியா இருந்தா நல்லாவா இருக்கு?”

“நார்சிஸஸ் ஆம்பள மாமி.”

“மூஞ்சப் பார்த்தா அப்படித் தெரியலயே!”

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் பொட்டு. சனிக்கிழமை காலை நான் துடைப்பேன். இது எங்கள் இருவருக்குமான விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூனில் கபிலன் ஒரு படத்தைக் கழற்றினார். “குளியலறைப் பக்கச் சுவர், ஈரம் இறங்குது. புள்ளி விழுது பாரு. ரவூப்கிட்ட குடுத்து வேற கண்ணாடி போட்டு வாங்குறேன்.” அவர் விரல் காட்டிய இடத்தில் எனக்கும் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. ஒவ்வொன்றாக ஐந்து படங்கள் போயின. ஒவ்வொரு முறையும் எனக்குப் புள்ளி தெரிந்தது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஐந்தையும் நானே வாங்கிவந்து மாட்டி எல்லாரையும் ஆச்சரியப்படுத்தலாம் என்று அரைநாள் விடுப்பு எடுத்தேன். சென்ற வாரம் நிறுத்தியது இங்கேதான்.

ரவூப் பாயின் கடை டன்லப் தெருவில். தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு லட்சுமி படங்கள் அடுக்கியிருந்தன. தீபாவளிக்கு முன் எல்லாருக்கும் சட்டம் மாற்ற வேண்டும்.

“வாங்கக்கா! இன்னும் ஒரு லட்சுமி குடுத்தீங்கன்னா நான் கடைய விட்டுட்டு ஓடியே போயிருவேன்.”

“புதுசா ஒன்னும் இல்ல பாய். எங்க அஞ்சு படம் ரெடியா?”

“எந்த அஞ்சு?”

“வெள்ளைக்காரச் சாமின்னு சொல்வீங்களே.”

கையிலிருந்த அளவு டேப்பைக் கீழே வைத்தார். “அது ஆகஸ்ட்லயே முடிஞ்சு போச்சேக்கா. நானேதான் வேன்ல கொண்டுவந்து மாட்டினேன். நீங்க வேலைக்குப் போயிருக்கீங்கன்னு சார் சொன்னாரு. சுவரா அது? ரெண்டு ட்ரில் பிட் ஒடஞ்சுருச்சு.”

எங்கள் சுவரில் ஐந்து ஆணிகளும் அப்படியே இருக்கின்றன. எங்கேயும் துளைக்க வேண்டிய தேவையே இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. வேலையில் ஏதோ குறை கண்டுவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“லெவல் எல்லாம் பக்காவா இருக்கும்கா. பாருங்க, கஸ்டமருக்குக் காட்ட போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.”

போனை என் பக்கம் திருப்பினார். வெள்ளைச் சுவர். ஓரத்தில் எனக்குத் தெரியாத ஒரு சன்னல், அதற்கு வெளியே மரங்கள். நான்கு படங்கள் ஒரே வரிசையில். இடைவெளிகூட நான் வைத்திருந்த அதே மூன்று விரல். அரியாட்னியின் முகத்தில் ஏதோ கறை போலிருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.

சந்தனம். நடுவில் குங்குமம்.

“அதை ஏன் கேக்குறீங்க!” என்றார் ரவூப். “நான் மாட்டி முடிக்கிறதுக்குள்ள அம்மா ஈரக் கையோட பொட்டு வச்சுட்டாங்க. தண்ணி உள்ள எறங்கிரும்மான்னு சொன்னா, ‘பால் காய்ச்சுற நாள்ல நெத்தி காலியா இருக்கக் கூடாது ரவூப்பு’ன்னுட்டாங்க. ஒரு டப்பா கேசரி குடுத்து விட்டாங்க. நல்ல கேசரிக்கா.”

நல்ல கேசரிதான். ஆகஸ்டில் ஒரு நாள் மாமி கொண்டுவந்தார். கோயில் பிரசாதம் என்றார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கபிலன் ஏதோ ஒளிக்கிறார் என்பது எனக்கு மே மாதத்திலிருந்தே உள்ளுக்குள் தெரியும். இப்போது கேட்டால் அப்படித்தான் சொல்வேன், அது உண்மையோ இல்லையோ. மாமியைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

“நாலுதானே இருக்கு பாய்?”

“அஞ்சாவத உங்க மகளே வந்து வாங்கிட்டுப் போச்சே. ஸ்கூல் யூனிபார்ம்ல வந்துச்சு. தேர்ல ஒரு பொண்ணத் தூக்கிட்டுப் போறான்ல, அது.”

கவியும்.

கவிப்ரியாவுக்குப் பதினைந்து வயது. உயர்நிலை மூன்று. அன்று காலைகூட என் தட்டிலிருந்து ஒரு தோசையைப் பிய்த்துக்கொண்டு போனவள்.

“பிளாக் நம்பர் சொல்லுங்க பாய். டாக்சி கூப்பிடணும்.”

“சொந்த வீட்டு நம்பரையே மறந்துட்டீங்களா!” சிரித்துக்கொண்டே கடை அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். பாசிர் ரிஸ். ஒன்பதாவது மாடி.

டாக்சி கூப்பிடவில்லை. ரயிலில் போனால் நேரமாகும் என்று ரயிலில் போனேன்.

பூகிஸில் ரயில் மாறினேன். வழியில் பிடோக் வந்தது. கதவு திறந்தது. இறங்கியிருக்கலாம். வீட்டுக்குப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளாகத் தீபாவளி வரை இருந்திருக்கலாம். கதவு மூடியது.

கபிலன் போகட்டும், மாமியும் போகட்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது. அதற்கு மேல் என்னால் ஒரே ஒரு கேள்வியைத்தான் நினைக்க முடிந்தது. அந்த வீட்டில் எத்தனை படுக்கையறை?

கதவைத் திறந்தது மாமிதான். வெள்ளிதோறும் சிராங்கூன் சாலைக் காளியம்மன் கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர், கையில் தீப்பெட்டியோடு நின்றார்.

“வாம்மா,” என்றார், பழக்கத்தில். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“காளியம்மன் கோயில் பாசிர் ரிஸ்ஸுக்கு மாறி வந்துருச்சா மாமி?”

கம்பிக் கதவின் பூட்டைத் திறக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. “உள்ள வா. வாசல்ல நின்னு பேசாத. எதுத்த வீட்டுல ஆளு இருக்கு.”

கூடத்தில் விளக்கு ஏற்றத் தயாராக இருந்தது. நான்கு படங்களும் சுவரில் இருந்தன. நன்றாகவே இருந்தன. எங்கள் வீட்டைவிட இங்கே வெளிச்சம் நல்ல பக்கத்திலிருந்து வந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அறைகளைப் பார்த்தேன். முதல் அறையில் கபிலனின் சட்டைகள். இரண்டாவதில் மாமியின் கட்டில், அதன்மேல் நான் வாங்கிக் கொடுத்த நீலப் போர்வை. அந்தப் போர்வை துவைக்கப் போட்டிருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. மூன்றாவது அறை மூடியிருந்தது.

திறந்தேன். புது மேசை. மேசைக்கு மேலே பள்ளி நேர அட்டவணை. கவியின் கையெழுத்து, பச்சை மையில்.

“எப்போ சொல்றதா இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“தீபாவளி கழிச்சு.” மாமி எனக்குப் பின்னால் நின்றிருந்தார். “நல்ல நாள் அதுவுமா உன்ன அழ வைக்க வேணாம்னு கபிலன் சொன்னான். எண்ணெய் தேச்சுக் குளிச்சு, எல்லாரும் ஒன்னா உக்காந்து சாப்பிட்டு, அதுக்கப்புறம்…”

“அதுக்கப்புறம் பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புறதா?”

“பெட்டியெல்லாம் ஏற்கெனவே வந்துருச்சும்மா.”

பொய் சொல்லத் தெரியாதவர் போலச் சொன்னார். ஐந்து மாதம் சொன்னவர்.

“உங்களுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆனப்போ ஆறு வாரம் நான்தானே மருந்து விட்டேன் மாமி?”

“விட்ட. இல்லைன்னு சொன்னா என் கண்ணு அவிஞ்சு போகும். நாலு வேளையும் டைம் தவறாம விட்ட.” அவர் என் பக்கம் ஓரடி வந்தார். “ஒரு வார்த்த பேசாம விட்ட.”

நான் பேசவில்லை.

“இதோ, இப்படித்தான்! மே மாசம் பதினோரு நாள். நான் எண்ணினேன் சுபா. உங்க அப்பா தியாகராசாவோட பொஸ்தகத்த கபிலன் உன்னக் கேக்காம யாருக்கோ தூக்கிக் குடுத்தது தப்பு. தப்புதான். கத்தியிருக்கணும் நீ. தட்டத் தூக்கி வீசியிருக்கணும். பதினோரு நாள் வீடே ஊமையாக் கெடந்துச்சு. நான் யாருகிட்ட பேசுவேன்? காலையில எந்திரிச்சு அந்தப் படத்துகிட்டதான் பேசினேன், அந்தத் தூங்குறவகிட்ட. ‘என்னடி, இன்னிக்காவது முழிப்பியா’ன்னு கேப்பேன்.”

“அப்போ என்னை எழுப்பியிருக்கலாமே மாமி.”

மாமி தீப்பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

அப்போது வெளிக்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. சாவி.

கவி பள்ளிச் சீருடையில் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் சாவிக்கொத்தைப் பையில் போட்டாள். போட்டால் நான் பார்க்காததாகிவிடும் என்பதுபோல.

“எவ்வளவு நாளா சாவி இருக்கு?”

“ஆகஸ்ட்லேர்ந்து.” என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஐ வான்டட் டு டெல் யூ, அம்மா. ரெண்டு தடவ உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தேன். நீங்க படிச்சுகிட்டு இருந்தீங்க. நிமிரவே இல்ல.”

மாமி அதற்குள் கபிலனை அழைத்து, போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கூடத்து மேசைமேல் வைத்துவிட்டார். வரிசையாக ஹார்ன் சத்தம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் வேலை முடிந்து, உட்லண்ட்ஸ் எல்லைப் பாலத்தில் நிற்கிறார். ஐந்து மாதமாகத் தாமதத்துக்குச் சொன்ன காரணம், அன்றைக்கு மட்டும் உண்மை.

“சுபா, ஜாம்ல மாட்டிக்கிட்டேன். வர ரெண்டு மணி நேரம் ஆகும். ப்ளீஸ், பிள்ளை முன்னால சீன் பண்ணாத லா.”

“யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்ல. சத்தியமா யாரும் இல்ல. நாலு பேரு பேசுற வீட்டுல இருக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்.”

யாராவது இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஒருத்தியை வெறுத்திருப்பேன்.

“என் படங்கள எதுக்கு எடுத்தீங்க?”

“வெறுஞ் சுவரா இருந்துச்சு. கவிக்கு வீடு மாதிரி இருக்கணும்னு… அம்மாவும் கேட்டாங்க.”

“நார்சிஸஸ மட்டும் ஏன் விட்டுட்டீங்க?”

“அது உன் படம் சுபா. அவன் பாட்டுக்குத் தண்ணியப் பார்த்துகிட்டே உக்காந்திருப்பான். பின்னால யாரு வந்தா, யாரு போனா, ஒன்னும் தெரியாது.”

கவி, “அப்பா!” என்றாள். மாமி போனை அணைத்தார்.

நான் அரியாட்னியின் முன்னால் போய் நின்றேன். பொட்டு புதிதாக இருந்தது. சந்தனம் இன்னும் காயவில்லை. அப்படியானால் அன்று வெள்ளிக்கிழமைதான். கட்டைவிரலை அவள் நெற்றியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கண்ணாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, தீசியஸின் கப்பல்மேலும் சிவப்பு ஏறியது.

“ஐயோ!” மாமியின் கையிலிருந்து தீப்பெட்டி விழுந்தது. “விளக்கு வைக்கிற நேரத்துல என்ன காரியம்டி பண்ற! பொட்ட அழிப்பாங்களா யாராச்சும்?”

வீட்டில் நான் சனிதோறும் துணியால் துடைத்ததற்கு அவர் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அன்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“இவ முழிச்சுட்டா மாமி,” என்றேன்.

வேறு எதையும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மின்தூக்கி அருகில் கவி வந்துவிட்டாள், வெறுங்காலோடு.

“அம்மா, வெயிட்.”

“பெர்செபொனிய எங்க வச்சிருக்க?”

பதில் இல்லை.

“இங்க இல்ல. பிடோக்லயும் இல்ல. ரவூப்கிட்டேர்ந்து நீதான் வாங்கிட்டு வந்திருக்க.”

பதில் இல்லை. மின்தூக்கி வந்து, கதவு திறந்து, மூடி, போனது. அடுத்த வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள்.

“இங்க எத்தன நாள், அங்க எத்தன நாள்னு அப்பா உன்கிட்ட கேட்டாரா?”

“கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒன்னும் சொல்லல.”

தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, தோள்பட்டை கொஞ்சம் உயர்ந்து நின்றாள். நான் எப்படி நிற்பேன் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மாமிக்கும் கபிலனுக்கும் அந்தப் பதினோரு நாள் எப்படி இருந்திருக்கும் என்பதும், மன்னிக்கத் தோன்றாவிட்டாலும், அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்தது.

“பேசு கவி,” என்றேன். மின்தூக்கி மறுபடி வரும் வரை காத்திருந்தேன். அவள் பேசவில்லை.

திரும்பும் ரயிலில் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரேகைகளுக்குள் சிவப்பு ஏறியிருந்தது. சோப்பு போட்டும் இரண்டு நாள் போகவில்லை.

கபிலன் தீபாவளிக்கு முன்பே மிச்சமிருந்த துணிகளை எடுத்துக்கொண்டு பாசிர் ரிஸ்ஸுக்குப் போய்விட்டார். மாமியும் அங்கேதான். அரியாட்னிக்கு அவர் அதற்குப் பிறகு பொட்டு வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மற்ற மூன்றுக்கும் வைக்கிறார். ரவூப் பாய் விஷயம் தெரிந்ததும் அந்தப் புகைப்படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை என்று பதில் எழுதினேன். நான் பிடோக்கில் இருக்கிறேன். சுவரில் ஐந்து ஆணிகளும் நார்சிஸஸும் இருக்கின்றன. கவியின் பையில் இரண்டு வீட்டுச் சாவியும் இருக்கிறது. பெர்செபொனி இரண்டு வீட்டுச் சுவரிலும் இல்லை.